நான்கு விரல் எண்ணும் வரை

பாலாவி
02.07.2025

எமல்டாக்கா,

இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க இல்லை, என் தங்கச்சியைப் பற்றிக் கேட்க. உங்கள் இரண்டு பேருடைய போனும் நாற்பது நாள் ஜெபகாலத்துக்காகச் சபை அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறதாம். அதனால்தான் கடிதம். எங்கள் உப்பளத்தைத் தாண்டி எத்தாளைக்கு வருகிற மீன் லொறிக்காரனிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிறு நான் ஊருக்கு வந்தேன். சபைப் பக்கம் வரவில்லை. மத்தியானம் இரண்டு மணி. வீட்டில் நிரோமி இல்லை, கடற்கரைக்குப் போனேன். காற்றுக் காலம், ஒரு படகும் இறங்கவில்லை, மணலில் ஒரு மனிசர் இல்லை. அவள் மட்டும் உடுத்த சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். முகம் கரைக்கு, முதுகு கடலுக்கு. கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள், ஆனால் கண்டது மாதிரித் தெரியவில்லை. பிறகு மெதுவாக இடது தோளுக்கு மேலால் கடலைத் திரும்பிப் பார்த்தாள். பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். நான்கு. வாய் அசைந்தது. முன்னால் திரும்பினாள். மறுபடியும் அதே. நான் பதினொரு தடவை எண்ணிவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறங்கினேன்.

"என்னடி செய்யிறாய்?"

"ஜெபம் அண்ணா. இங்க நிண்டா நல்லாக் கேக்குது."

"என்ன கேக்குது?"

சிரித்தாள். "உங்களுக்குக் கேக்கிறேல்லையா? நீங்களும் அன்ரனிப்பிள்ளை அண்ணன்ட சீடன்தானே."

எமல்டாக்கா, நம் இரண்டு பேரையும் சீடராக்கின அந்த மனிசன் சாகும் வரைக்கும் நிரோமி, சின்ன வயசிலிருந்தே, சிலாபத்தில் சித்தி வீட்டில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவரை அவள் கண்டதே இல்லை. படத்தில்கூட. அவர் திரும்புகிற அதே கோணத்தில் அவள் எப்படித் திரும்புகிறாள்? அவர் இடது கண்ணைக் கொஞ்சம் சுருக்குவாரே, அதைக்கூடச் செய்கிறாள்.

அம்மா குவைத்தில் யாரோ வீட்டுக் கக்கூஸ் கழுவிக்கொண்டிருப்பது இவளை ஆளாக்க. உங்கள் சபைச் சுவரில் இருக்கிற சீடர் மரத்தில் ஒரு இலையாக ஒட்ட இல்லை. இருபத்தேழாம் திகதி அவளைப் புதுக் குழு தொடங்க அனுப்பப் போகிறீர்களாம். அனுப்ப வேண்டாம். என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

மெரில்


எத்தாளை
07.07.2025

தம்பி மெரில்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அன்ரனிப்பிள்ளை அண்ணனை அடக்கம் பண்ணி எட்டாம் நாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு போனாய். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்குக் கீழே ஒன்பது சீடர்கள் இருந்தார்கள். "மெரில் அண்ணன் எங்க?" என்று அவர்கள் கேட்டபோது பதில் சொன்னது நான். அதனால் நீ எனக்குக் கட்டளை போடாதே. கேள்.

எங்களுக்கு முந்தி என்ன இருந்தது? வருஷத்துக்கு ஒருக்கா வந்து பிரசங்கம் வைத்துவிட்டுப் போகிற ஊழியக்காரர். வோட்டுக் கேட்டு வருகிறவன். நிவாரணப் பொதியோடு படம் எடுக்கிறவன். நெத்தலி காயப்போடுகிற ஒரு பொம்பிளைக்குப் பக்கத்தில் ஒருத்தராவது குந்தி இருந்தார்களா? அன்ரனிப்பிள்ளை அண்ணன் இருந்தார். என் அப்பா கடலில் போன வருஷம், அம்மா வாய் பேசாமல் படுத்துவிட்ட வருஷம், அவரும் அவருடைய மனிசியும் என்னைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் தோளோடு தோள். அவர் கிழிந்த வலை பொத்தும்போது நானும் பொத்தினேன். சாப்பிடும்போது சாப்பிட்டேன். ஜெபிக்கும்போது ஜெபித்தேன். "கேளாதே, பார்" என்றார். "வசனம் மறந்துபோகும், பார்த்தது மறக்காது" என்றார். சீடராக்குவது என்றால் அதுதான். கூட்டம் சேர்ப்பது யாராலும் முடியும். ஒரு ஆளை மூன்று மாதம் பக்கத்தில் வைத்திருப்பது முடியுமா உன்னால்?

இப்போது மரத்தில் நாற்பத்தொரு பேர். இதில் குடியை விட்டவர்கள் ஆறு. மனிசிக்கு அடிக்கிறதை விட்டவர்கள் எத்தனை என்று அந்த மனிசிமாரிடம் போய்க் கேள்.

நிரோமியைப்போல ஒருத்தியை நான் காணவில்லை. காட்டியது எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறாள். தண்ணீரில் நிற்பது அவளாக எடுத்த உபவாசம், அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். திரும்பிக் காத்திருப்பது நாங்கள் எல்லோரும் செய்வதுதான், நீயும் செய்தாய். ஜெபத்தைத் தொடங்கி, ஒரு இடத்தில் நிறுத்தி, இடப்பக்கம் திரும்பி, நான்கு விரல் எண்ணும் வரை ஆண்டவருக்குச் செவி கொடுப்பது. அண்ணன் தந்த பெரிய சொத்து அது. கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் அதைக் கைநூலில் சேர்த்து அச்சடித்திருக்கிறார். இப்போது மட்டக்களப்பில், ஹட்டனில் எல்லாம் செய்கிறார்கள். உனக்குப் பெருமையாக இல்லையா?

அவள் இருபது வயசுப் பிள்ளை. அவளுடைய முடிவு அவளுடையது.

எமல்டா


பாலாவி
11.07.2025

எமல்டாக்கா,

பெருமையா? எனக்கு முதுகு குளிருகிறது. வெயில் கல்லைப் பிளக்கிற பாலாவியில், உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன்.

குடியை விட்டார்கள், நல்லது. அடியை விட்டார்கள், மிக நல்லது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் நாற்பத்தொரு பேரில் ஒருத்தர்கூட "ஏன் இடப்பக்கம்?" என்று கேட்கவில்லையே. ஏன் வலப்பக்கம் இல்லை? ஏன் நான்கு? ஆண்டவர் இடப்பக்கத்திலா நிற்கிறார்? கேளாதே, பார் என்று சொல்லிச் சொல்லி கேள்வி கேட்கிற நாக்கையே அறுத்துவிட்டீர்கள். எங்கள் சனம் முதலாளியிடமும் கேட்பதில்லை, அரசாங்கக் கச்சேரியிலும் கேட்பதில்லை, சாமியிடமும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்துக்கு நீங்கள் ஒரு கைநூல் அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் ஏன் போனேன் என்பதை எழுத மூன்று தாள் கிழித்தேன். முடியவில்லை. ஒன்றை மட்டும் செய்யுங்கள். தண்ணீரில் என்ன கேட்கிறது என்று நிரோமியிடம் கேளுங்கள். பார்க்க வேண்டாம். கேளுங்கள்.

மெரில்


எத்தாளை
16.07.2025

மெரில்,

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

நேற்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். "நிரோமி, கடலுக்குள்ள உனக்கு என்ன கேக்குது?" என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல், ஏதோ கடையில் பாண் வாங்கிவரச் சொன்னதுபோல, "நாலு பேர் அக்கா" என்றாள். "ஆம்பிளையள். கயிறு, கயிறு எண்டு கத்துறாங்க."

கையில் இருந்த மீனை வைத்துவிட்டேன். "என்ன கதைக்கிறாய், எனக்குச் செய்து காட்டு" என்றேன். அங்கேயே, மீன் செதில் ஒட்டின கையோடு, கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினாள். நிறுத்தினாள். திரும்பினாள். முதல் விரலைத் தொட்டு, மூச்சுக்குள், "கொக்கர்" என்றாள். இரண்டாம் விரலுக்கு "றெக்சன்". மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் வாய் மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை.

றெக்சன் எங்கள் ரெஜினா மாமியின் மகன். அப்பாவோடு அதே படகில் போனவன். அவன் பெயரை ஊரில் எவரிடமும் கேட்டிருக்கலாம். ஆனால் கொக்கர்? மெரில், உனக்குத் தெரியுமோ தெரியாது. என் அப்பா கரையில் இஞ்ஞாசி. கழுத்து நீளம் என்று கடலில் மட்டும் அவரைக் கொக்கர் என்று கூப்பிட்டார்கள். படகுக்காரர் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கே தெரியாது. சின்ன வயசில் ஒரு தரம் சோற்றுப் பார்சல் கொண்டுபோனபோது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான். நான் யாருக்கும் சொன்னதில்லை.

"அந்தப் பேரை உனக்கு ஆர் சொன்னது?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்கதான் அக்கா. ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்க. வாய்க்குள்ள."

"நானா?"

"ஓம். திரும்பினவுடனே. உங்கட வாயைப் பாத்துத்தான் நான் பழகினன்."

இல்லை என்றேன். கோபப்பட்டேன். பிறகு ரெஜினா மாமியைக் கூப்பிட்டு, நான் ஜெபிக்கிறேன், என் வாயைப் பாருங்கள் என்றேன். முடித்துக் கண்ணைத் திறந்தபோது மாமி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றா. நம்பாமல், அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய், கண்ணை மூடாமல் ஜெபித்தேன். மெரில், என் உதடு என்னைக் கேட்காமல் அசைந்தது. நான்கு தரம். நான் எதையும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் இருந்தவள் என் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷமாக.

நிரோமி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மறுபடி தண்ணீருக்குப் போகிறாள். பூட்டி வைக்க முடியவில்லை. நேற்று நெஞ்சளவு. அங்கிருந்து கரையில் நிற்கிற எங்களைப் பார்க்கிறாள், யாரோ பின்னால் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதுபோல. நான் போய் இழுத்து வருகிறேன். நாளைக்கு என் பலம் போதுமோ தெரியாது.

உனக்கு என்னவோ தெரியும். எழுது. நான் தாங்குவேனா என்று பார்க்காதே.

எமல்டா


பாலாவி
19.07.2025

எமல்டாக்கா,

எழுதுகிறேன்.

அன்ரனிப்பிள்ளை அண்ணன் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். சீனி வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சாவதற்கு முதல் நாள், "உன்னட்ட ஒண்டைக் குடுத்திட்டுப் போறன், ஆருக்கும் குடுக்காதை" என்றார். நான் ஏதோ ஊழியப் பொறுப்பு என்று நினைத்தேன்.

2016ஆம் ஆண்டு ஆடி மாதம் உங்கள் அப்பாவின் படகு எஞ்சின் பழுதாகிக் கடலில் நின்றபோது, போன் வந்து, தன்னுடைய பைபர் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனது அவர். அது ஊருக்கே தெரியும். கட்டி இழுத்து வரும்போது கயிறு அறுந்துபோனது என்றார். அதையும் ஊர் நம்பியது.

கயிறு அறவில்லை. அவர் வெட்டினார்.

அலை பெரிது. பின்னால் இருந்த படகுக்குள் தண்ணீர் ஏறி, அது இவருடைய படகின் பின்பக்கத்தை அமுக்கத் தொடங்கியது. வெட்டாவிட்டால் ஐந்து பேரும் போயிருப்போம் என்றார். உண்மையாக இருக்கலாம். கடலில் நிற்காத நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டின பிறகு அவர் நிற்கவில்லை. இடது கை எஞ்சின் பிடியில். அப்படி இருக்கும்போது இடது தோளுக்கு மேலால்தான் பின்னால் பார்க்கலாம். பார்த்தார். நான்கு தலை தெரிந்தது. எண்ணினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முன்னால் திரும்பி அலையைப் பார்த்தார். மறுபடி திரும்பினார். கரை வரும் வரை.

அதற்குப் பிறகு கண்ணை மூடினால் அதுவேதான் அவருக்கு. ஜெபத்தைத் தொடங்கினால் அந்த இடத்தில் நின்றுவிடுவார். திரும்புவார். எண்ணுவார். நாங்கள் அதைப் பார்த்து, ஆகா, எப்படிச் செவி கொடுக்கிறார் என்று சொல்லி, அப்படியே பழகினோம். நம் கையால் நாற்பத்தொரு பேருக்குப் பழக்கினோம். கொழும்புக்காரன் அச்சடித்தான்.

மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் ஏன் சத்தம் இல்லை என்றும் சொல்கிறேன். அந்த இரண்டு பேரும் சீசனுக்கு வந்து, அது முடிந்தும் போகாமல் கடற்கரை வாடிக் குடிசையில் நின்ற வெளியூர்க் கூலிக்காரர். அவர்கள் பெயர் அவருக்குத் தெரியாது. "டேய், டேய் எண்டு கூப்பிட்டன் மெரில், வேற என்னத்தைச் சொல்லிக் கூப்பிட?" என்று அழுதார். ஒரே படகில் வேலை செய்தவனின் பெயரைக் கேட்காத ஊர் நம்முடையது. பிரேதமும் வரவில்லை, தேடி ஒருத்தரும் வரவில்லை, பொலிசில் இரண்டு பேர் என்றுதான் பதிவு என்றார்.

உங்களைக் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தாரே, அது அன்பா, பயமா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சொல்லாமல் உங்களோடு சேர்ந்து திரும்பவும் முடியவில்லை. அதனால் ஓடினேன். ஒன்பது பேரை விட்டுவிட்டு. நானும் கயிறு வெட்டினவன்தான் என்று எழுதி வையுங்கள்.

நிரோமியை அனுப்பிவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. லீவு கேட்டிருக்கிறேன், தருகிறார்கள் இல்லை. அறுவடை நேரம். வேலையை விட்டுவிட்டு வரட்டுமா? ஒரு வரி போதும்.

மெரில்


எத்தாளை
28.07.2025

தம்பி மெரில்,

வர வேண்டாம் என்று லொறிக்காரனிடம் வாயால் சொல்லிவிட்டேன், கிடைத்திருக்கும். எட்டு நாளாக நிரோமியை என் இடுப்போடு சேலையால் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஊர் சிரித்தது. "என்ன எமல்டா, ஆட்டுக்குட்டி வளக்கிறியா?" என்றார்கள். சிரிக்கட்டும்.

நேற்று அனுப்புகை ஞாயிறு. கொழும்பிலிருந்து பயிற்சியாளரும் வந்திருந்தார். அவளை அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டிய நேரத்தில் நான் உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். முழுவதும். பயிற்சியாளர் நடுவில் கிட்ட வந்து, "சிஸ்டர், இப்ப வேண்டாமே, வேற இடங்களில நூற்றுக்கணக்கான ஆக்கள் இதைச் செய்யிறாங்க" என்றார். "அவங்களுக்கும் சொல்லுங்க" என்று விட்டு மிச்சத்தை வாசித்தேன்.

முடித்ததும் ரெஜினா மாமிதான் எழும்பினா.

"அப்ப அவன் திரும்பித் திரும்பிப் பாத்தது என்ட பிள்ளையையா?"

"ஓம் மாமி."

"வெட்டினவன் ஏழு வருஷம் பாத்திருக்கிறான். பெத்தவள் நான் ஒரு நாளும் அந்தக் கடலைப் பாக்கேல்லையே."

சொல்லிவிட்டுத் திரும்பினா. இடப்பக்கம். பிறகு மற்றவர்களும் திரும்பினார்கள். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் நான் வாசித்தேன், மெரில். ஒருத்தரும் நிறுத்தவில்லை. இப்போது சத்தமாகவே சொன்னார்கள். கொக்கர். றெக்சன். பிறகு நாற்பது வாய் சத்தமில்லாமல் இரண்டு தரம் திறந்து மூடியது. அதை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

திரும்பாமல் இருந்தது நிரோமி மட்டும். பாயில் இருந்தபடி, எல்லோருக்கும் கேட்க, "மற்ற ரெண்டு பேரும் ஆர்?" என்றாள். "எனக்குக் கேட்டது அவங்களைத்தான்" என்றாள். "கொக்கரும் றெக்சனும் எப்பவோ போயிட்டாங்க. பேர் இல்லாத ரெண்டு பேரும்தான் இன்னும் கயிறு கேக்கிறாங்க." பிறகு அழுதாள். வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் கண்டதில்லை. அழுதுவிட்டுப் பசிக்கிறது என்றாள். இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

புதன்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அம்மாவிடம் ரெஜினா மாமியின் போனில் பேசினாள். மரத்திலிருந்து அவள் பெயரை அவளே உரித்து எடுத்தாள், நான் தடுக்கவில்லை.

என்னைப் பற்றிக் கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். இன்றைக்கு இரண்டு மணிக்குத் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். தெரிந்துகொண்டு, அப்பாவைப் பார்க்க என்றே திரும்பினேன். காது கொடுத்தேன். அப்பா இல்லை. யாரும் கயிறு கேட்கவில்லை. எனக்குக் கேட்டது ஒன்றுதான். என் கழுத்துக்குப் பின்னால், மிகக் கிட்ட, அன்ரனிப்பிள்ளை அண்ணன் மூச்சு வாங்குகிற சத்தம்.

அவரை வெறுக்க வேண்டும் என்று முயற்சி பண்ணுகிறேன். ஆனால் முயற்சி பண்ணும்போது நான் தலையை வைத்திருக்கிற விதம்கூட அவருடையது.

எமல்டா


பாலாவி
03.08.2025

எமல்டாக்கா,

நிரோமி வந்து சேர்ந்தாள். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரி ஸக்கியா உம்மா அவளைத் தன் அறையில் படுக்க வைத்திருக்கிறா. "பிள்ளை ஈர்க்குச்சி மாதிரி இரிக்கி" என்று சொல்லிச் சொல்லி ஊட்டுகிறா. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடுகிறாள், திரும்புவதில்லை. நன்றாக நித்திரை கொள்கிறாள். அதற்கு உங்களுக்கு நான் என்ன செய்தாலும் போதாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நேற்று அவள் எனக்குச் சோறு கொண்டு உப்பளத்துக்கு வந்தாள். நாங்கள் வரிசையாக நின்று வேலை செய்கிறோம், எட்டுப் பேர். நான் முதலாவது, இன்சாப் எனக்கு அடுத்தது. சாப்பிட்டு எழும்பி வேலை தொடங்கினோம். சோற்றுப் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டுப் பார்த்தால், அவள் பாத்தி வரம்பில் முகம் வெளிறி நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்க்கிறாள்.

நானும் பார்த்தேன். ஒவ்வொருத்தனும் உப்புக் கூடையைத் தூக்க முன்னம் இடது தோளுக்கு மேலால் திரும்புகிறான். விரலைத் தொடுகிறான். நான்கு. பிறகுதான் தூக்குகிறான். இன்சாப், அவனுக்கு அடுத்தவன், அடுத்தவன், கடைசி ஆள் வரைக்கும், அலை ஒன்று போவதுபோல.

எமல்டாக்கா, இரண்டு வருஷமாக நான் ஜெபம் பண்ணவில்லை. ஆண்டவரைப் பற்றி இங்கே ஒருத்தரோடும் கதைத்ததில்லை. அவர்கள் ஏழு பேரும் முஸ்லிம்கள்.

"என்னடா இது?" என்று இன்சாப்பைக் கேட்டேன்.

"என்னட்டக் கேக்கிறாய்? நீதானே மச்சான் பழக்கினது. வந்த மூணு மாசம் நான் உன்ட பக்கத்திலதான் நின்டன். லொறி வருதா எண்டு பாக்கிறாய் எண்டு நெனச்சன்." சிரித்தான். "நாங்க தொழுகை முடிச்சு ஸலாம் குடுத்தா வலது, இடது ரெண்டும் பாப்பம். நீ பாதியோட எழும்பிப் போறவன்."

"விரல் எதுக்கு?"

"அது தெரியா. செய்யாட்டிக் கூடை கனக்குது."

அவன் சிரிப்பை விட்டுவிட்டு, கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான். "நீ வாய்க்குள்ள என்னவோ சொல்லுறியே, ரெண்டு பேர், அது எங்களுக்கும் புடிபட்டிச்சி. அதுக்குப் பொறகு ரெண்டு தரம் சும்மா வாயைத் தொறந்து மூடுறாய். அதுல என்ன சொல்லணும்?"

போன மாதம் எங்கள் வரிசையிலிருந்து இரண்டு பேர் வேறு உப்பளத்துக்கு மாறிப் போயிருக்கிறார்கள்.

அந்த ஆடியில் வாடியில் கூலிக்கு ஆள் கொண்டுவந்து விட்டது யார் என்று விசாரியுங்கள். ரெஜினா மாமியிடம் கேளுங்கள், பழைய படகுக்காரரிடம் கேளுங்கள், பொலிசுக்குப் போங்கள், வெட்கப்படாமல் வீடு வீடாகக் கேளுங்கள். அந்த இரண்டு பேருடைய பெயர் எனக்கு வேண்டும். கெதியாக அனுப்புங்கள். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு நாங்கள் எட்டுப் பேரும் மறுபடி கூடையைத் தூக்க வேண்டும்.

மெரில்